கான்லன் நான்கேரோ: காகிதத்தில் துளையிட்டு இசை செய்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

20ஆம் நூற்றாண்டின் மேற்கத்திய செவ்விசையில் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் சொல்லும் பெயர் கான்லன் நான்கேரோ. அடுத்த நொடியே "யார் அது?" என்ற கேள்வி வரும். உடனே கைப்பேசியை எடுத்து மூன்று நிமிடம் போட்டுக் காட்டுவேன். அதன் பிறகு கேள்விகள் வரிசையாக வந்து விழும். பல வருடங்களாக வெவ்வேறு நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

யார் இந்த நான்கேரோ?

1912 அக்டோபர் 27ஆம் தேதி அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் டெக்சர்கானா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அந்த ஊருக்கு மேயராக இருந்தவர். பையனை எஞ்சினியராக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்த்தும் விட்டார். பையன் அங்கே நிலைக்கவில்லை. டிரம்பெட் வாசித்துக்கொண்டு, ஜாஸ் கேட்டுக்கொண்டு, சின்சினாட்டி இசைக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' என்ற படைப்பை முதன்முதலாகக் கேட்டார். தாளம் இப்படியெல்லாம் முறுக்கிக்கொண்டு போகுமா என்ற வியப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. கடைசிவரை விடவில்லை. பிறகு பாஸ்டனில் நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி, வால்டர் பிஸ்டன், ரோஜர் செஷன்ஸ் ஆகியோரிடம் படித்தார்.

வாழ்நாளின் பிற்பாதி முழுவதும், ஐம்பது வருடத்துக்கு மேல், மெக்சிகோ நகரில்தான். 1997 ஆகஸ்ட் 10ஆம் தேதி அங்கேயே காலமானார். அவருடைய முக்கியமான படைப்புகள் சுமார் 50. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: 'ஸ்டடி', பக்கத்தில் ஓர் எண். ஏறக்குறைய எல்லாமே மனிதக் கை படாமல் தானே வாசிக்கும் பியானோவுக்காகச் செய்தவை.

தானே வாசிக்கும் பியானோவா? அது எப்படி?

பிளேயர் பியானோ என்பார்கள். கிராமபோனும் ரேடியோவும் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் வசதியுள்ள குடும்பங்களின் கூடத்தில் இது நின்றது. நான்கேரோவின் சிறுவயது வீட்டிலும் ஒன்று இருந்தது.

சுருட்டி வைத்த நீளமான காகிதம் ஒன்று மெதுவாக ஓடும். அதில் வரிசை வரிசையாகத் துளைகள். பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் காகிதத்தின் அகலத்தில் ஓர் இடம் உண்டு. காகிதம், சிறு சிறு வாய்கள் கொண்ட ஒரு பித்தளைப் பட்டையை உரசிக்கொண்டு போகும். துளை வந்து அந்த வாய்க்கு நேராக நின்றதும் காற்று உள்ளே புகும். உள்ளே இருக்கும் சின்னத் துருத்தி சட்டென்று சுருங்கும், சுத்தியல் எழும்பித் தந்தியை அடிக்கும். கட்டை தானாக அமுங்குவதை நாம் பார்ப்போம். துளை எந்தக் குறுக்கிடத்தில் இருக்கிறதோ அது ஸ்வரம். முந்தைய துளைக்கும் இதற்கும் உள்ள தூரம்தான் காலம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார்க்கச் சொல்வேன். காலம் என்பது இங்கே அளவுகோலால் அளக்கக்கூடிய தூரமாகிவிடுகிறது. நான்கேரோவின் மொத்த இசையும் இந்த ஒரு வசதியிலிருந்து முளைத்ததுதான்.

வாசிக்க மனிதர்கள் கிடைக்கவில்லையா?

கிடைத்தார்கள். வாசிக்க முடியவில்லை. 1940இல் நியூயார்க்கில் அவருடைய ஏழு கருவிப் படைப்பு ஒன்று அரங்கேறியது. ஒத்திகை இரண்டே இரண்டு. ஒன்றுக்கு வந்த சிலர் மற்றொன்றுக்கு வரவில்லை. மேடையில் ஆளுக்கொரு திசையில் போய், யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல் கச்சேரி சிதறிப்போனது. எழுதியது கடினம், வாசிப்பவர்களுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. தான் மனதுக்குள் கேட்ட தாளத்தைத் தன் காதால் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்புதான் அவரை இயந்திரத்திடம் கொண்டுபோய் விட்டது.

அதற்கு வழிகாட்டியது ஒரு புத்தகம். ஹென்றி கவல் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1930இல் இசைக் கோட்பாடு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனிதர்களால் வாசிக்க முடியாத தாளங்களைப் பிளேயர் பியானோவின் காகிதச் சுருளில் துளையிட்டு வாசிக்க வைக்கலாமே என்று அதில் போகிற போக்கில் ஒரு யோசனை சொல்லியிருந்தார். கவல் அதைச் செய்து பார்க்கவில்லை. படித்த நான்கேரோ மீதி வாழ்நாளை அதற்கே கொடுத்துவிட்டார்.

அமெரிக்கர் ஏன் மெக்சிகோவுக்குப் போனார்?

இது இசையோடு மட்டும் நிற்கும் கதை இல்லை. பாஸ்டனில் இருந்தபோதே அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்தார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். ஃபிராங்கோவின் படைகளுக்கு எதிராகக் குடியரசைக் காக்க உலகெங்கும் இருந்து இளைஞர்கள் போனார்கள். அமெரிக்காவிலிருந்து போனவர்களின் அணி ஆபிரகாம் லிங்கன் படைப்பிரிவு. 1937இல் நான்கேரோவும் அதில் சேர்ந்தார். போரில் காயம்பட்டு, குடியரசு தோற்ற பிறகு 1939இல் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தவர் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கேட்டார். அமெரிக்க அரசு மறுத்துவிட்டது. கம்யூனிஸ்ட் என்ற முத்திரை. கூடப் போரிட்ட பலருக்கும் இதே கதிதான். தான் பிறந்த நாடு தன்னைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது என்று புரிந்ததும் அவர் அங்கே இருக்க விரும்பவில்லை. கடவுச்சீட்டு இல்லாமல் ஓர் அமெரிக்கர் அப்போது போகக்கூடிய நாடுகள் மெக்சிகோவும் கனடாவும்தான். 1940இல் மெக்சிகோவுக்குப் போனார். 1950களின் நடுவில் அந்நாட்டுக் குடிமகனும் ஆனார்.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் சிலர் 'தனிமையை நாடிய மேதை' என்று தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தனிமையில் பாதி, அரசாங்கம் ஒன்று கையெழுத்துப் போட மறுத்ததால் வந்தது.

துளைகளை எப்படிப் போட்டார்? எத்தனை நாள் ஆகும்?

அப்பா விட்டுப்போன சொத்திலிருந்து 1947 வாக்கில் கொஞ்சம் பணம் வந்தது. நியூயார்க் போனார். ஆம்பிகோ என்ற வகைப் பிளேயர் பியானோ ஒன்றை வாங்கினார். காகிதச் சுருள் தயாரிப்பவர் ஒருவரிடம் இருந்த துளையிடும் இயந்திரத்தைப் பார்த்து, அதேபோல் ஒன்றைத் தனக்குச் செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டார். இரண்டையும் மெக்சிகோவுக்குக் கொண்டு வந்தார். முதல் ஸ்டடிகள் 1948இலிருந்து வரத் தொடங்கின.

வேலை இப்படி நடக்கும். வெற்றுக் காகிதச் சுருளை விரித்து, அளவுகோல் வைத்து, எந்தக் குரல் எங்கே தட்ட வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுவார். அதைப் பார்த்து ஒரு குறிப்புப் பிரதி எழுதுவார். பிறகு சுருளை இயந்திரத்தில் மாட்டி, குறித்த இடத்துக்கு நகர்த்தி, கைப்பிடியை அழுத்துவார். ஒரு துளை. சின்ன வட்டக் காகிதப் பொட்டு கீழே விழும். மறுபடி நகர்த்தி, மறுபடி அழுத்த வேண்டும். நீளமான ஸ்வரம் வேண்டுமென்றால் ஒட்டி ஒட்டிப் பல துளைகள். தவறினால் ஒட்டுப் போட்டு மறைத்துவிட்டுத் திரும்பவும் துளையிட வேண்டும். ஐந்தாறு நிமிடம் ஓடும் ஒரு படைப்புக்கு மாதக்கணக்கில், சிலதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

முதலில் வாங்கிய இயந்திரத்தில் ஒரு குறை. காகிதம் பற்சக்கரம் போல ஒரே சீரான படிகளில்தான் நகரும். அதனால் எல்லாத் தாளமும் அந்தப் படிக்குள் அடங்க வேண்டியிருந்தது. பின்னாளில் அதை மாற்றி, எந்த இடத்திலும் துளையிடும்படி செய்துகொண்டார். அதன் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடுவது, குறைவது எல்லாம் அவர் கைக்கு வந்தன. இதை எல்லாரிடமும் சொல்வேன், ஏனென்றால் அவருடைய இசை மாறிய இடமும் அந்தப் பற்சக்கரம் போன இடமும் ஒன்றுதான்.

பியானோவையும் அவர் அப்படியே விடவில்லை. சாதாரணப் பியானோவின் சுத்தியலில் கம்பளி ஒட்டியிருக்கும், ஒலி மெத்தென்று வரும். நான்கு குரல், எட்டுக் குரல் ஒரே நேரத்தில் ஓடும்போது அந்த மென்மையில் எல்லாம் கலந்து குழம்பிப்போகும். ஆகவே பின்னாளில் இரண்டாகிவிட்ட தன் பியானோக்களின் சுத்தியல்களையும் தோல், உலோகம் கொண்டு கடினமாக்கினார். அதனால்தான் அவருடைய சொந்தப் பதிவுகளில் ஒலி கணீரென்று, சில இடங்களில் தகரத்தில் ஆணி அடித்தாற்போல் கேட்கிறது. முதல் தடவை சிலருக்கு உறுத்தும். எனக்கும் உறுத்தியது. இப்போது கம்பளிச் சுத்தியலில் இதே இசையைக் கேட்டால் ஏதோ போர்வையைப் போர்த்திவிட்டது போல இருக்கிறது.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த இசையில்?

ஒரே மெட்டை இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துத் தொடங்கிப் பாடுவதை மேற்கத்திய இசையில் கேனன் என்பார்கள். முதலாமவர் இரண்டாவது அடிக்குப் போகும்போது இரண்டாமவர் முதல் அடியைத் தொடங்குவார். மெட்டு ஒன்று, வேகமும் ஒன்று, தொடங்கும் நேரம் மட்டும் வேறு. இது பல நூற்றாண்டுப் பழக்கம். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இதில் கரைகண்டவர். நான்கேரோ பாக் மேல் பெரும் மதிப்பு வைத்திருந்தார்.

நான்கேரோ செய்தது, ஒவ்வொரு குரலுக்கும் வேறு வேறு வேகம் கொடுத்தது. ஸ்டடி 36ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு குரல்கள். ஒரே மெட்டு. வேகங்கள் 17:18:19:20 என்ற விகிதத்தில். மெதுவான குரல் முதலில் கிளம்பும். அதைவிடச் சற்று வேகமானது பிறகு கிளம்பும், இன்னும் வேகமானது அதற்கும் பிறகு. பின்னால் கிளம்பியவை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போனவற்றை நெருங்குகின்றன. படைப்பின் நடுவில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான்கும் ஒரே ஸ்வரத்தில் தோளோடு தோள் நிற்கும். அடுத்த நொடியே வேகமான குரல் முந்திக்கொண்டு போய்விடும்.

ஒருவரை ஒருவர் துரத்துவதும், நெருங்கும்போது இறுக்கம் கூடுவதும், சேர்ந்த கணத்தில் உடம்பெல்லாம் சிலிர்ப்பதும், பிறகு பிரிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும்: கேட்கிற நமக்குக் கணக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கோயில் பிராகாரத்தில் நான்கு பேர் நான்கு நடையில் சுற்றி வரும்போது, எங்கோ ஓர் இடத்தில் நான்கு பேரும் ஒன்றாகக் கடப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

ஸ்டடி 21 பற்றி நிறையப் பேர் சொல்கிறார்களே?

நானும் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான். 'கேனன் எக்ஸ்' என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. இரண்டே குரல்கள். கீழ்க்குரல் நொடிக்கு நான்கு ஸ்வரம் அளவில், நிதானமாக நடப்பவர் போலத் தொடங்குகிறது. மேல்குரல் நொடிக்கு நாற்பது ஸ்வரம் அளவில் மழை போலக் கொட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. கீழ்க்குரலின் வேகம் விடாமல் கூடிக்கொண்டே போகும், மேல்குரலின் வேகம் விடாமல் குறைந்துகொண்டே வரும். நடுவில் எங்கோ இரண்டும் ஒரே வேகத்தில் ஒன்றை ஒன்று கடக்கின்றன. வேகத்தைக் கோடாக வரைந்தால் ஆங்கில எக்ஸ் எழுத்து கிடைக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

முடிவில் கீழ்க்குரல் நொடிக்கு நூறு ஸ்வரத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த இடத்தில் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்பதில்லை. ஒரே இரைச்சலாக, துணியைக் கிழிப்பது போல, ஒரு பரப்பாகக் கேட்கிறது. தொடங்கியபோது ஒவ்வொரு ஸ்வரமாக எண்ண முடிந்த அதே குரல் இது. அதன் மேல் மேல்குரலின் ஸ்வரங்கள், இப்போது ஒவ்வொன்றாக, மெதுவாக, கடைசிச் சொட்டுகள் போல விழுகின்றன. முதல் தடவை இதைக் கேட்டது ஓர் இரவுப் பேருந்தில். மூன்று நிமிடம்தான் இருக்கும். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டுவிட்டு, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனேன்.

விகிதம் என்கிறீர்கள். கணிதத்தில் வரும் பை (π) எல்லாம் வருகிறதாமே? அது வெறும் கணக்கு விளையாட்டு இல்லையா?

வருகிறது. ஸ்டடி 33இல் இரண்டு குரல்களின் வேக விகிதம் இரண்டின் வர்க்கமூலத்துக்கு இரண்டு, அதாவது ஏறக்குறைய 1.414க்கு 2. ஸ்டடி 40இல் கணித மாறிலி 'இ'க்குப் 'பை', ஏறக்குறைய 2.718க்கு 3.142.

காதுக்கு இதில் என்ன வித்தியாசம்? பிராகாரத்துக்கே திரும்புவோம். நான்குக்கு ஐந்து என்ற விகிதத்தில் இருவர் நடந்தால், ஒருவர் நான்கு சுற்று முடிக்கையில் மற்றவர் ஐந்து முடித்திருப்பார். இருவரும் கொடிமரத்தடியில் மறுபடி ஒன்றாக நிற்பார்கள். எத்தனை தடவை சுற்றினாலும் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஆனால் வர்க்கமூலம், பை போன்ற விகிதத்தில் நடந்தால், ஒரு தடவை கொடிமரத்தடியில் சேர்ந்து நின்றவர்கள் அதே இடத்தில் இன்னொரு தடவை ஒரே நேரத்தில் சேரவே மாட்டார்கள். என்றென்றைக்கும் மாட்டார்கள். தட்டுக்குத் தட்டு சேர்வது படைப்பு முழுவதிலும் ஒரே ஒரு முறை. அதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது அந்த ஒரு கணத்துக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், இது பையா, அதற்கு மிக நெருங்கிய வேறு பின்னமா என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கேரோவின் எல்லாப் படைப்புகளும் ஒரே தரம் என்றும் சொல்ல மாட்டேன். சிலவற்றில் கணக்கு முந்திக்கொள்கிறது, இசை பின்னால் ஓடி வருகிறது. 36, 37 போன்றவற்றில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஸ்டடி 37இல் பன்னிரண்டு குரல்களுக்குப் பன்னிரண்டு வேகம். நிமிடத்துக்கு 150 தட்டில் தொடங்கி 281¼ தட்டு வரை. அந்தப் பன்னிரண்டு வேகங்களுக்கும் இடையில் உள்ள விகிதங்கள் ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையில் உள்ள விகிதங்களே. சுருதிக்கு இருக்கும் அளவுகோலை எடுத்துக் காலத்துக்கு வைத்துப் பார்த்தார். இந்த எண்ணமும் கவல் புத்தகத்தில் விதையாக இருந்ததுதான்.

இயந்திரம் வாசிக்கிறது. உணர்ச்சி எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விதான் எப்போதும் வரும். எனக்குக் கொஞ்சம் கோபமும் வரும்.

வாசிப்பது இயந்திரம்தான். ஆனால் துளை ஒவ்வொன்றும் அவர் கையால் விழுந்தது. வயலின் கலைஞர் ஒரு கமகத்தை நொடியில் முடிவு செய்கிறார். நான்கேரோ அதே முடிவை ஒரு மாதம் யோசித்து எடுத்தார். கோயில் தூணில் சிற்பி செதுக்கிய யாளி அசையவில்லை என்பதால் அதில் உயிர் இல்லை என்று நாம் சொல்வதில்லையே.

சந்தேகம் இருந்தால் ஆரம்பகால ஸ்டடி 3ஐக் கேளுங்கள். ஐந்து பகுதிகள். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பூகி-வூகியும் புளூஸும்தான் அடித்தளம். முதல் பகுதி தலைதெறிக்க ஓடும், கேட்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அடுத்த பகுதியிலேயே புளூஸ், அவ்வளவு ஏக்கம். அவர் ஏர்ல் ஹைன்ஸ், லூயி ஆம்ஸ்ட்ராங், பெஸ்ஸி ஸ்மித் என்று கேட்டு வளர்ந்தவர். ஸ்டடி 12இல் ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோவின் சாயல் இருக்கிறது. அந்த நாட்டு மண்ணில் ரத்தம் சிந்தியவர் அதை எழுதியிருக்கிறார் என்ற நினைவோடு கேட்டால் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

லயம் தெரிந்த கர்நாடக இசை ரசிகர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடுமா?

பாதி பிடிபடும். நான் சிறுவயதில் சில வருடம் மிருதங்கம் கற்றவன். 'தகதிமி' சொல்லும் நேரத்துக்குள் 'தகதகிட' சொல்வது, கையில் ஒரு நடையும் வாயில் ஒரு நடையுமாகப் போவது, கோர்வை கட்டிச் சரியாகச் சமத்தில் கொண்டுவந்து இறக்குவது எல்லாம் நமக்குப் பழக்கம். நான்கேரோவின் குரல்கள் ஒன்றுசேரும் இடத்தில், தனி ஆவர்த்தனத்தில் மூன்றாவது முறை கோர்வை முடிந்து எடுப்பில் விழும் அதே நிறைவு வருகிறது.

ஆனால் நமக்கு எத்தனை நடை மாறினாலும் அடியில் தாளம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். சபையே அதைக் கையில் போட்டுக்கொண்டிருக்கும். நான்கேரோவிடம் அந்தப் பொதுத் தாளம் கிடையாது. ஒவ்வொரு குரலுக்கும் அதனதன் தாளம்தான் உண்மை. தொடையில் தாளம் போட ஆரம்பித்தால் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை இழந்துவிடுவீர்கள். கையைச் சும்மா வைத்துக்கொண்டு கேட்பதுதான் சரி. எனக்கு அது பழக ஒரு வருடம் ஆயிற்று.

உலகம் எப்போது அவரைக் கண்டுகொண்டது?

மிகத் தாமதமாக. நியூயார்க்கில் பழக்கமான எலியட் கார்ட்டர் என்ற இசையமைப்பாளர் உதவியால் 1951இல் முதல் ஸ்டடி அச்சில் வந்தது. கார்ட்டர் தன் முதல் நால்வர் தந்திப் படைப்பில் நான்கேரோவின் இசைத் துணுக்கு ஒன்றை மேற்கோளாகவே சேர்த்துக்கொண்டார். 1960இல் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் சில ஸ்டடிகளுக்கு நடனம் அமைத்தார். 1962இல் மெக்சிகோ நகரின் பெல்லாஸ் ஆர்ட்டெஸ் மாளிகைக்குப் பியானோக்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கச்சேரி வைத்தார். வந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய நண்பர்கள். 1969இல் கொலம்பியா நிறுவனம் ஓர் இசைத்தட்டு போட்டது. 1970களின் கடைசியில் கலிஃபோர்னியாவிலிருந்து சார்லஸ் அமிர்கானியன் என்ற இசையமைப்பாளர் வந்து அவருடைய வேலைக்கூடத்திலேயே பதிவு செய்து தட்டுகள் வெளியாகின.

திருப்பம் அந்தத் தட்டுகளால்தான் வந்தது. ஹங்கேரியில் பிறந்த ஜியார்ஜி லிகெட்டி அப்போதே ஐரோப்பாவின் பெரிய இசையமைப்பாளர். 1980இல் பாரிஸில் ஒரு கடையில் தற்செயலாக அந்தத் தட்டுகள் அவர் கண்ணில் பட்டன. கேட்டுவிட்டு, வெபர்ன், ஐவ்ஸ் ஆகியோருக்குப் பிறகு கிடைத்த மிகப்பெரிய கண்டுபிடிப்பு இது என்றும், உயிரோடு இருக்கும் எந்த இசையமைப்பாளரின் இசையையும் விடத் தனக்கு இதுவே உயர்ந்தது என்றும் அமிர்கானியனுக்குக் கடிதம் எழுதினார். தான் உச்சத்தில் இருக்கும்போது முன்பின் பார்த்திராத இன்னொருவரைப் பற்றி இப்படி எழுத மனம் வேண்டும்.

1982இல் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் நிதி, 3 லட்சம் டாலர், அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 70 வயது.

அதன் பிறகாவது அமெரிக்கா திரும்பியிருக்கலாமே?

விழாக்களுக்குப் போய் வந்தார். 1981இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார். மெக்சிகோ நகரின் காற்று மாசு அதிகமாகி, நிரந்தரமாகத் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். அதற்கு, இளமையில் அறியாமல் கம்யூனிஸ்டாக இருந்துவிட்டேன் என்கிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர் போடவில்லை. மனைவி யோகோ, மகன் மகோட்டோவோடு லாஸ் ஆகிலாஸ் பகுதியில் இருந்த தன் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இன்று கணினியில் ஒரு மணி நேரத்தில் இதைச் செய்துவிடலாமே?

செய்யலாம். 1980களின் இறுதியில் டிரிம்பின் என்ற கலைஞர் அவருடைய சுருள்களைக் கணினித் தரவாக மாற்றினார். காகிதம் மக்கினாலும் இசை அழியாது என்ற நிலை அப்போதுதான் வந்தது. மூலச் சுருள்களும் கையெழுத்துப் பிரதிகளும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பால் சாக்கர் அறக்கட்டளையில் இருக்கின்றன.

நான் கணினியில் அவருடைய முறையைப் பின்பற்றிச் சில கேனன்கள் செய்து பார்த்திருக்கிறேன். விகிதத்தைப் போட்டால் குரல்கள் சொன்னபடி ஓடுகின்றன. ஆனால் எந்த மெட்டை ஓடவிடுவது, எங்கே மௌனம் விடுவது, சேரும் இடத்துக்கு முன்னால் கேட்பவரை எவ்வளவு நேரம் காக்க வைப்பது என்பதைக் கணினி சொல்லவில்லை. மூன்று நிமிட இசைக்காக மாதக்கணக்கில் துளையிட வேண்டும் என்றால், துளையிடத் தகாத ஒரு ஸ்வரத்தைக்கூட உள்ளே விட மனம் வராது என்று தோன்றுகிறது.

அவருக்குப் பிறகு?

லிகெட்டியின் பியானோ எட்யூடுகளில் (பயிற்சி வடிவப் படைப்புகளில்) நான்கேரோவின் நிழல் தெளிவாகத் தெரியும். மனித விரல்களாலேயே இதை எட்ட முடியுமா என்ற தேடல் அவை. இணையத்தில் லட்சக்கணக்கான ஸ்வரங்களை ஒரே பாட்டில் கொட்டும் இளைஞர்களும் இவரைத் தங்கள் முன்னோடியாகச் சொல்வதுண்டு. அவர்களுக்கு ஸ்டடி 25தான் பிடிக்கும். அதன் முடிவில் 12 நொடிக்குள் 1028 ஸ்வரங்கள்.

இன்னொன்று, முடியாது என்று ஒதுக்கிய மனிதர்களே திரும்பி வந்தார்கள். 1980களில் அர்டிட்டி நால்வர் குழு அவருடைய தந்திப் படைப்பை வாசிக்கத் தொடங்கியது. அவர்களுக்காகவே மூன்றாவது நால்வர் படைப்பை 3:4:5:6 என்ற விகிதக் கேனன்களாக எழுதிக் கொடுத்தார். உர்சுலா ஓப்பன்ஸ் என்ற பியானோ கலைஞருக்கும் எழுதினார். 1940இல் இரண்டு ஒத்திகையில் சிதறிப்போனது, அரை நூற்றாண்டில் வாசிக்கக்கூடியதாகிவிட்டது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஸ்டடிகள் எல்லாம் அவருடைய சொந்தப் பியானோக்களில் பதிவாகி, வெர்கோ நிறுவனத்தின் ஐந்து குறுந்தட்டுகளில் அடங்கிவிட்டன. இணையத்திலும் கிடைக்கின்றன. முதலில் 3, பிறகு 21. இரண்டும் பிடித்தால் ஸ்டடி 6, சோம்பலாக அசைந்து போகும் அழகு அது. 37ஐ அவசரமாகக் கேட்க வேண்டாம். காதுக்குள் வைக்கும் ஒலிப்பான் இருந்தால் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சுத்தியல்கள் கடினமானவை.

36ஐ மட்டும் இரவில், வேறு வேலை இல்லாதபோது கேளுங்கள். நான்கு குரலும் சேரும் இடம் வந்து போன பிறகு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். வேகமான குரல் முதலில் முடித்துவிட்டு விலகிவிடும். அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகப் போகும். எல்லாருக்கும் முன்னால் கிளம்பிய அந்த மெதுவான குரல், கடைசியில் தனியாக, அதே நடையில், தன் மெட்டை முடித்துக்கொண்டிருக்கும்.